சொன்ன பிள்ளைக்குக் காவல்

பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் கழிப்பறைக்கு ஓடும் பிள்ளையைக் கவனியுங்கள். காலையில் கிளம்பியதிலிருந்து மாலை வரை அடக்கிக்கொண்டே இருந்திருக்கிறான். பள்ளிக் கழிப்பறை நாற்றமடிப்பது காரணமாக இருக்கலாம். அங்கே தனியாகப் போனால் யாரோ வழிமறிக்கிறார்கள் என்பதும் காரணமாக இருக்கலாம். டிபன் பாக்ஸ் காலியாகத்தான் வருகிறது, ஆனால் வீட்டுக்கு வந்ததும் பசி பசி என்று பறக்கிறான். ஒரே பருவத்தில் மூன்றாவது ஜாமெட்ரி பாக்ஸ் கேட்கிறான். இத்தனை நாள் வேனில் போனவள் திடீரென்று அப்பா வண்டியில்தான் போவேன் என்று அடம்பிடிக்கிறாள். ஞாயிறு இரவு வரும் வயிற்றுவலி வெள்ளி இரவு வருவதில்லை. இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு வேறு காரணம் இருக்கக்கூடும். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால், பள்ளியில் யாரோ தொடர்ந்து சீண்டுகிறார்கள் என்ற எண்ணத்தோடு விசாரிக்கத் தொடங்குங்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கான அத்தியாயம் இது. தன்னைக் காத்துக்கொள்ளப் பிள்ளைக்கு என்னென்ன சொல்லித்தரலாம் என்பதை முதலில் பார்ப்போம். என் பெரிய கவலை அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றியது. பிள்ளை வாய் திறந்து சொன்ன பிறகு வரும் சில நாட்கள்தான் மிக ஆபத்தானவை. அந்த நாட்களில்தான் பெரியவர்கள் நாம் கோட்டை விடுகிறோம்.

எப்படிக் கேட்பது

"யாருடா உன்னை அடிச்சது?" என்று நேராகக் கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்றுதான் பதில் வரும். சொன்னால் அப்பா பள்ளிக்கு வந்து சத்தம் போடுவார், மறுநாள் அடி இரட்டிப்பாகும், போனைப் பிடுங்கிவிடுவார்கள், "நீ என்ன பண்ணினே?" என்று தன்னையே குற்றவாளி ஆக்குவார்கள் என்றெல்லாம் பிள்ளை பயப்படுகிறது. இந்தப் பயங்களில் பாதிக்கு மேல் நியாயமானவை.

ஆளைப் பற்றிக் கேட்காமல் இடத்தைப் பற்றிக் கேளுங்கள். ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்துப் பள்ளியை வரையச் சொல்லுங்கள். கேட், சைக்கிள் ஸ்டாண்ட், மாடிப்படி, தண்ணீர்க் குழாய், கழிப்பறை, மைதானம், வெளியே பஸ் ஸ்டாப் எல்லாம் வரட்டும். நிற்கப் பிடிக்கும் இடத்தைப் பச்சையிலும் பிடிக்காத இடத்தைச் சிவப்பிலும் சுழிக்கச் சொல்லுங்கள். பிறகு பேச்சு தானாக வரும்.

"குழாய்க்கு ஏன் கண்ணு சிவப்பு போட்டே?"

"அங்க நைன்த் பசங்க நிப்பாங்க."

"எப்ப நிப்பாங்க?"

"லஞ்ச் பெல் அடிச்ச உடனே. சார், மிஸ் எல்லாரும் ஸ்டாஃப் ரூமுக்குப் போயிருவாங்க."

"நின்னு என்ன பண்ணுவாங்க?"

"பாட்டிலைப் பிடுங்கி என் மேலயே ஊத்துவாங்க. பேன்ட் நனையிற மாதிரி. அப்புறம் கிளாஸ்ல எல்லாரும், ஒண்ணுக்குப் போயிட்டான்னு சிரிப்பாங்க."

இந்த நாலைந்து வரிகளிலேயே இடம், நேரம், ஆட்கள், பெரியவர் கண் இல்லாத இடைவெளி எல்லாம் கிடைத்துவிட்டன. இன்னும் கிடைக்காதது பெயர் மட்டும்தான். அதற்கு அவசரப்படாதீர்கள். சிவப்பு வட்டங்கள் பெரும்பாலும் வகுப்பறைக்கு வெளியே, இரண்டு மணிகளுக்கு நடுவே இருக்கும். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். பள்ளிக்குப் போகும்போது அதுதான் உங்கள் கையில் இருக்க வேண்டிய முதல் ஆவணம்.

கேட்டு முடித்ததும், "நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பு இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நாம் மனதில் நினைப்பது பிள்ளைக்குக் கேட்காது. "யார்கிட்டயும் சொல்லக்கூடாது, சத்தியம் பண்ணு" என்று பிள்ளை கேட்டால் சத்தியம் செய்யாதீர்கள். "உன்கிட்ட சொல்லிட்டுத்தான் எதையும் செய்வேன்" என்று வாக்குக் கொடுங்கள். அதை மீறவும் செய்யாதீர்கள்.

வீடுகளில் சொல்லப்படும் இரண்டு யோசனைகள்

"நீயும் திருப்பி ஒண்ணு கொடு" என்பார் அப்பா. "கண்டுக்காதே, தானா அடங்கிடுவாங்க" என்பார் பாட்டி. இரண்டும் அன்பினால் வருபவை. இரண்டுமே பெரும்பாலும் பலிப்பதில்லை. காரணம் விளங்க, எதைச் சீண்டல் என்கிறோம் என்பதில் ஒரு தெளிவு வேண்டும்.

நார்வே நாட்டின் பெர்கன் நகரில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வேயஸ் 1970களிலேயே இதை ஆராயத் தொடங்கியவர். 1982இல் அந்நாட்டின் வடபகுதியில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டதை அடுத்து, 1983இல் நாடு முழுவதும் பள்ளிகளில் தடுப்பு இயக்கம் தொடங்கியது. அதற்கு அவருடைய ஆய்வுகள்தான் துணை நின்றன. அவர் வகுத்த அடையாளங்கள் மூன்று: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இரு தரப்புக்கும் பலம் சமமாக இல்லாதது. மூன்றாவதுதான் முக்கியம். பலம் என்றால் உடல்பலம் மட்டுமல்ல. அவர்கள் நான்கு பேர், இவன் ஒருவன். அவள் வகுப்புத் தலைவி, இவள் இந்த ஆண்டுதான் சேர்ந்தவள். அவன் ஊரில் பெரிய தெருக்காரன், இவன் காலனிக்காரன். இவனுக்குத் திக்குவாய், அவனுக்கு இல்லை.

பலம் சமமாக இருந்தால் அது சண்டை. சண்டைக்குச் சமாதானம் பேசலாம். பலம் சமமில்லாத இடத்தில் திருப்பி அடித்தால் வாங்கியதைவிட அதிகமாக வாங்கிக்கொண்டு வருவான். போதாக்குறைக்கு, ஆசிரியர் கண்ணில் படுவது பெரும்பாலும் இரண்டாவது அடிதான். தண்டனையும் அவனுக்கே கிடைக்கும். "கண்டுக்காதே" என்பது என்றோ ஒருநாள் நடக்கும் கிண்டலுக்குச் சரி. மாதக்கணக்கில் நடப்பதைக் கண்டுகொள்ளாமல் இருக்கச் சொன்னால், இனி இதை வீட்டில் சொல்வதில் பயனில்லை என்றே பிள்ளை எடுத்துக்கொள்ளும்.

அந்த நிமிடத்தில் பிள்ளை செய்யக்கூடியது

மூன்று விஷயங்கள் சொல்லித்தருவேன். மூன்றையும் வீட்டில் ஒத்திகை பார்க்க வேண்டும். கேட்டுக்கொண்டு மட்டும் போனால் பயத்தில் மறந்துவிடும்.

முதலாவது, ஒரு குட்டி வாக்கியம். "வேணாம், விடு." அவ்வளவுதான். கெஞ்சலும் வசவும் இல்லாமல், தரையைப் பார்க்காமல், சத்தமாக. கூடத்தில் நின்று நீங்கள் அந்த ஒன்பதாம் வகுப்புப் பையனாக நடியுங்கள், அவன் சொல்லட்டும். முதல் தடவை குரல் எழும்பாது. சிரிப்பு வரும், சில பிள்ளைகளுக்கு அழுகையும் வரும். வரட்டும். குரல் தொண்டையிலிருந்து வயிற்றுக்கு இறங்கும்வரை விளையாட்டாகவே நாலு நாள் செய்யுங்கள். பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுபவர்களுக்கு இந்த வாக்கியம்கூட வேண்டாம். அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்காமல், சொந்தப் பெயருக்கு மட்டும் திரும்பினால் போதும்.

இரண்டாவது, எங்கே நகர்வது. சொல்லிவிட்டு ஆள் இல்லாத பக்கம் ஓடக்கூடாது, ஆள் இருக்கும் பக்கம் நடக்க வேண்டும். சத்துணவு அக்கா, வாட்ச்மேன், நூலக மிஸ், கேட்டுக்கு வெளியே கடை வைத்திருக்கும் பாட்டி என்று பெரியவர் ஒருவர் இருந்தால் போதும். அந்த வரைபடத்தின் பச்சை வட்டங்களை இதற்குப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு சிவப்பு வட்டத்திலிருந்தும் மிக அருகிலுள்ள பச்சை வட்டம் எது என்று அவனையே கோடு போடச் சொல்லுங்கள். கொஞ்ச நாளைக்குத் தண்ணீர் பாட்டில் வீட்டிலிருந்தே இரண்டாகப் போகட்டும். வகுப்பைவிட்டுக் கடைசியாக வெளியேறும் பழக்கம் இருந்தால் மாற்றட்டும். இப்படி ஒதுங்கிப் போவது கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். நிரந்தர ஏற்பாடு வரும்வரை பிள்ளை முழுசாக வீடு திரும்ப வேண்டும்.

மூன்றாவது, எப்போது எதிர்க்கவே கூடாது என்பது. பிளேடு, கத்தி, கல் எதுவானாலும் கையில் இருந்தால், கூட்டமாகச் சூழ்ந்தால், கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள். அதற்காக வீட்டில் ஒருநாளும் திட்டமாட்டோம் என்ற உறுதியும் பிள்ளைக்கு வேண்டும். சைக்கிளுக்காகவும் போனுக்காகவும் உயிரைப் பணயம் வைக்கும் பிள்ளைகள், வீட்டில் விழப்போகும் திட்டுக்குப் பயந்துதான் பெரும்பாலும் அப்படிச் செய்கிறார்கள்.

பக்கத்தில் நிற்பவன்

கனடாவின் டொரன்டோ நகரப் பள்ளி மைதானங்களில் கேமராவும் மைக்கும் வைத்துப் பிள்ளைகளின் நடத்தையைப் பதிவுசெய்த ஆய்வு ஒன்று 2001இல் வெளியானது. சீண்டல் நடந்த பத்தில் ஒன்பது தருணங்களில் பக்கத்தில் வேறு பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்கள் குறுக்கிட்டது ஐந்தில் ஒன்றில்தான். ஆனால் குறுக்கிட்டபோது பாதிக்கு மேல் சீண்டல் சட்டென்று நின்றுபோனது.

ஆகவே பிள்ளைக்கு ஒரு நண்பனைச் சேர்த்துக்கொடுப்பது, எந்தத் தற்காப்புக் கலை வகுப்பையும்விடப் பயன் தரும் என்று உறுதியாகச் சொல்வேன். அதே வழியில் பள்ளிக்கு நடந்து போகும் பிள்ளை யார், அதே வேனில் ஏறுபவள் யார் என்று பாருங்கள். அந்த வீட்டாரோடு பழகுங்கள். நண்பனுக்கும் சண்டை போடத் தெரிய வேண்டியதில்லை. "டேய், உன்னை பி.டி. சார் கூப்பிடுறாரு, வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகத் தெரிந்தால் போதும். அதற்கும் துணிவில்லாத பிள்ளை, பிறகு வந்து பக்கத்தில் உட்கார்ந்து "நீ ஒண்ணும் தப்பு பண்ணலடா" என்று சொன்னாலே பெரிய உதவி. உங்கள் பிள்ளை சீண்டப்படுபவன் இல்லை, சுற்றி நின்று சிரிப்பவர்களில் ஒருவன் என்று தெரியவந்தால், இதே பாடத்தை அவனுக்கும் சொல்லிக்கொடுங்கள். பார்த்துச் சிரிக்க ஆள் இல்லாவிட்டால் பல சீண்டல்கள் ஒரு வாரம்கூட நீடிக்காது.

போனில் நடப்பவை

வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பிலோ இன்ஸ்டாவிலோ கேலி நடந்தால் பிள்ளை பதில் போட வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். தேதியும் நேரமும் அனுப்பியவர் பெயரும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, பிறகு பிளாக் செய்யட்டும். குரூப்பைவிட்டு வெளியேறுவது அதற்குப் பிறகுதான். உடலைக் காட்டும் படமோ வீடியோவோ சுற்றில் இருந்தால் கதை வேறு. ஆதாரத்துக்காகக்கூட அதை இன்னொருவருக்கு, ஆசிரியருக்குக்கூட, அனுப்பாதீர்கள். சிறாரின் அத்தகைய படத்தைப் பரப்புவது சட்டப்படி குற்றம். போனோடு காவல் நிலையத்துக்கோ சைபர் பிரிவுக்கோ நேரில் போங்கள். பிள்ளையின் போனைத் தண்டனையாகப் பிடுங்காதீர்கள். அப்படிச் செய்தால் அடுத்த முறை உங்களுக்குத் தெரியவே தெரியாது.

சொன்ன பிறகு

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் 2023 ஆகஸ்ட் 9 அன்று நடந்ததைப் பெற்றோர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். பட்டியல் சாதியைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர், உடன் படித்த ஆதிக்க சாதி மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தார். பள்ளி விசாரித்தபோது நடந்ததைச் சொன்னார். புகார் எழுதி வாங்கப்பட்டது. அன்று இரவே வீடு புகுந்து அவரை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். இருவரும் பிழைத்தார்கள். கையில் பலத்த காயங்களோடு பல மாதம் சிகிச்சையில் இருந்த அவர், 2024 பொதுத்தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் எடுத்தார்.

அந்தப் பிள்ளை செய்ய வேண்டியதை எல்லாம் சரியாகவே செய்தார். பள்ளியும் கேட்டது. நடுவில் விட்டுப்போனது ஒன்றுதான்: புகார் கொடுத்தவருக்கு அன்று மாலையிலிருந்து யார் காவல் என்ற கேள்வி. எல்லா ஊரிலும் அரிவாள் வரை போகாது. ஆனால் "மாட்டிவிட்டவன்" மேல் பழிவாங்கும் எண்ணம் எல்லாப் பள்ளியிலும் எழும். ஆகவே பள்ளிக்குப் போகும் முன்பே இதை யோசித்து வைத்துக்கொண்டு போங்கள்.

புகாரை வாயால் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுங்கள். பெரிய கடிதம் வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு, தங்கள் பள்ளியில் 7ஆம் வகுப்பு 'ஆ' பிரிவில் படிக்கும் என் மகனை ஜூலை 8, 10, 15, 16 ஆகிய நாட்களில் மதிய உணவு மணி அடித்ததும் தண்ணீர்க் குழாயடியில் 9ஆம் வகுப்பு மாணவர்கள் மூவர் மடக்கி, உடையில் தண்ணீர் ஊற்றிக் கேலி செய்துள்ளனர். 16ஆம் தேதி 20 ரூபாயைப் பறித்துள்ளனர். பெயர்களை நேரில் தெரிவிக்கிறேன். புகார் தந்தது என் மகன் என்பது வெளியே தெரியாத வகையில் விசாரிக்கவும், விசாரணை நாளிலும் அதன் பிறகும் அவனது பாதுகாப்புக்குச் செய்துள்ள ஏற்பாட்டை எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டுகிறேன்."

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் தயங்கினால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள்.

பிறகு தலைமையாசிரியரிடம் உட்கார்ந்து பேசுங்கள். அந்த மாணவர்களை என்றைக்குக் கூப்பிட்டு விசாரிப்பார் என்று கேளுங்கள். வெள்ளிக்கிழமை மாலை விசாரித்து அனுப்பினால் இரண்டு நாள் யார் கண்ணிலும் படாமல் கோபம் வளரும். காலையில் விசாரிப்பது நல்லது. அன்றே அவர்கள் பெற்றோரையும் வரவழைத்து, அவர்கள் கையில் பிள்ளைகளை ஒப்படைத்து அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளையை அன்று நீங்களே போய் அழைத்து வாருங்கள். விசாரணையில் பிள்ளையின் பெயரைச் சொல்லாமல் இருக்க வழி உண்டு. அதற்குத்தான் அந்த வரைபடம். மணி அடிக்கும் நேரத்தில் ஓர் ஆசிரியர் இரண்டு நாள் குழாயடியில் நின்றால், அவரே கண்ணால் பார்த்ததாக விசாரிக்கலாம். இதற்குச் செலவு இல்லை, சட்டச் சிக்கலும் இல்லை. ஆனாலும் நாம் கேட்காவிட்டால் பெரும்பாலான பள்ளிகளுக்கு இந்த யோசனை வருவதில்லை.

இரு தரப்பையும் எதிரெதிரே நிறுத்தி, "ரெண்டு பேரும் கை குலுக்குங்க, இனிமே ஃப்ரெண்ட்ஸா இருங்க" என்று முடித்துவைக்கும் பழக்கத்துக்குச் சம்மதிக்காதீர்கள். பலம் சமமில்லாத இடத்தில் அந்தக் கைகுலுக்கலுக்கு அர்த்தம் கிடையாது. பெரியவர்கள் விலகிவிட்டார்கள் என்ற செய்திதான் மற்ற பிள்ளைகளுக்குப் போகும். இடத்தையோ பிரிவையோ வேனையோ மாற்ற வேண்டியிருந்தால், மாற வேண்டியது சீண்டியவர்கள். உங்கள் பிள்ளையே விரும்பிக் கேட்டாலொழிய அவனை மாற்றச் சம்மதிக்க வேண்டாம். டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்குப் போவதைக் கடைசி வழியாக வையுங்கள், ஆனால் உயிர்ப்பயம் இருந்தால் முதல் வழியாக வையுங்கள்.

சாதியைச் சொல்லித் திட்டுவதும், கையில் கட்டும் வண்ணக் கயிற்றை வைத்து ஆள் பிரிப்பதும் பள்ளிக்குள்ளேயே பேசி முடிக்கும் விஷயங்கள் அல்ல. நாங்குநேரிக்குப் பிறகு தமிழக அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் இத்தகைய கயிறுகளுக்கும் சாதி அடையாளங்களுக்கும் தடை விதிக்கப் பரிந்துரைத்தது. பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகள் மீதான இத்தகைய வன்மத்துக்கு எதிராக 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் சமரசம் பேச வந்தாலும், எழுத்துப்பூர்வமான புகாரோடு காவல் நிலையம் போகும் உரிமையை விட்டுக்கொடுக்காதீர்கள். பாலியல் ரீதியான தொடுதலோ மிரட்டலோ இருந்தால், செய்தது சக மாணவரே ஆனாலும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பொருந்தும். தெரிந்தும் தெரிவிக்காத பள்ளிப் பொறுப்பாளரும் அதன்கீழ் தண்டனைக்கு உரியவர். தொல்லை தருவது ஆசிரியரே என்றால், உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தடைசெய்கிறது.

மேலே யாரிடம் போவது

ஒரு வாரத்தில் பள்ளியிடமிருந்து பதில் இல்லையென்றால் அடுத்த படிக்குப் போங்கள். அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்களே பெரும்பான்மை. அதன் கூட்டத்தில் பெயர் சொல்லாமல் இடத்தையும் நேரத்தையும் எழுப்புங்கள். அதற்கு மேல் மாவட்டக் கல்வி அலுவலரும் முதன்மைக் கல்வி அலுவலரும் இருக்கிறார்கள். பள்ளிக் கல்வித்துறையின் 14417 எண்ணில் புகாரைப் பதிவுசெய்யலாம். 1098 குழந்தைகளுக்கான எண். பிள்ளையே நேரடியாகப் பேசலாம், காசு ஆகாது. இந்த இரண்டு எண்களையும் பிள்ளையை மனப்பாடம் செய்ய வையுங்கள். போன் நம் கையில் இல்லாதபோதும் அவை உதவ வேண்டும்.

இன்னொரு எண் 14416, மனநல உதவிக்கான டெலி மானஸ். பிள்ளை தூங்காமல், சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இருந்தால் அதில் பேசுங்கள். "நான் இல்லாமப் போனா நல்லாருக்கும்" என்ற மாதிரி ஒரு வார்த்தை பிள்ளை வாயிலிருந்து வந்தால், விளையாட்டாகச் சொன்னதுபோலத் தெரிந்தாலும், அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வராது. அன்று இரவு தனியாகப் படுக்க விடாதீர்கள். பள்ளி, புகார், விசாரணை எல்லாம் அதற்குப் பிறகு.

பிறகும் பார்த்துக்கொண்டிருப்பது

விசாரணை முடிந்த மூன்றாம் நாள் அந்த வெள்ளைத்தாளை மறுபடி எடுத்து, எந்தச் சிவப்பு வட்டம் அழிந்தது, புதிதாக எது வந்தது என்று பாருங்கள். ஒரு வாரம் கழித்தும் ஒரு மாதம் கழித்தும் அதையே செய்யுங்கள். குழாயடியில் நின்றுபோனது பஸ் ஸ்டாப்பில் தொடங்கியிருக்கலாம். அடி நின்றுபோய், யாரும் பேசாமல் ஒதுக்கிவைப்பது தொடங்கியிருக்கலாம். மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று கேட்டால் இரண்டாவது தெரிந்துவிடும். புதிதாக எது நடந்தாலும் பழைய கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு இன்னொரு கடிதம் கொடுங்கள்.

ஆண்டு இறுதியில் இன்னொரு வேலையும் உண்டு. வகுப்புப் பிரிவுகளை மாற்றி அமைக்கும்போது பழைய புகார் பலருக்கு நினைவிருக்காது. கிளாஸ் டீச்சர் மாறியிருப்பார், தலைமையாசிரியரே மாறியிருக்கலாம். ஆகவே முழு ஆண்டுத் தேர்வு முடிந்த உடனே, தொல்லை கொடுத்தவர்களையும் உங்கள் பிள்ளையையும் வரும் ஆண்டில் ஒரே பிரிவிலோ ஒரே வேனிலோ போட வேண்டாம் என்று எழுதி, பழைய கடிதத்தின் பிரதியையும் இணைத்துக் கொடுத்துவிடுங்கள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது புதிய கிளாஸ் டீச்சரை முதல் வாரத்திலேயே ஒருமுறை நேரில் பாருங்கள்.